தெரிந்து கொள்வோம்: மலைக்காற்றும் எண்ணெய்க் கணக்கும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பலருக்குக் கேமரன் மலை நினைவு வந்துவிடும். அங்கே தேயிலைத் தோட்டத்தில் ஒரு சித்தப்பா இருப்பார். பிரிஞ்சாங்கில் பூந்தோட்ட வேலைக்குப் போன ஒரு மாமா இருப்பார். விடியற்காலையில் தஞ்சோங் மாலிமில் புறப்பட்டு, சிலிம் ரிவர், பீடோர் கடந்து, தாப்பாவில் பசியாறிவிட்டு மலைச் சடக்கில் வண்டியைத் திருப்புவோம்.

அந்தச் சடக்கில் நாற்பது வருடங்களுக்கு முன்பு ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரிங்லெட் வருவதற்குள் வண்டி இருமத் தொடங்கும். பெட்ரோல் வாடை அடிக்கும். பின்னால் கறுப்புப் புகை வரும். "மலைக்காற்று வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓட்டுநர் ஓரமாக நிறுத்துவார். பிள்ளைகள் இறங்கி அருவி பார்ப்பார்கள். பெரியவர் இயந்திர மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

இன்றைய வண்டிகள் அப்படி இருமுவதில்லை. அதே மலை, அதே காற்று, அதே பெட்ரோல். பிறகு எது மாறியது? நம் தஞ்சோங் மாலிமிலேயே 2003-ஆம் ஆண்டு முதல் புரோட்டோன் கார் தொழிற்சாலை நடக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அந்தக் கார்களுக்குள் உட்கார்ந்து காற்றை அளந்து கணக்குப் போடும் சின்னக் கணினியைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நடந்த கணக்குத்தான்.

காற்றுக்கும் எடை உண்டு

காற்று கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு எடையே இல்லை என்று நினைக்கிறோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் காற்று முப்பது கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதாவது பத்துக் கிலோ அரிசிப் பை மூன்று!

நம் தலைக்கு மேல் பல மைல் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. மேல் அடுக்கின் பாரம் கீழ் அடுக்கை அழுத்துகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இயந்திரக்காரர்கள் கிலோபாஸ்கல் என்ற அளவில் இதை 101 என்று சொல்வார்கள்.

இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் 1643-இல் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்திக் காற்றின் அழுத்தத்தை அளக்க வழி கண்டார். பிரான்சில் பாஸ்கல் என்ற அறிஞர், "மலை மேல் போனால் அழுத்தம் குறைய வேண்டுமே" என்று யோசித்தார். அவருக்கு உடல்நலம் இல்லை. ஆகவே தம் அக்காள் கணவர் பெரியேவைக் கேட்டுக்கொண்டார். 1648 செப்டம்பர் 19-இல் பெரியே பாதரசக் குழாயோடு புய் த டோம் என்ற மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கி நின்றது. அந்த மலையின் உயரம் சுமார் 1,465 மீட்டர். ஏறக்குறைய நம் தானா ராத்தாவின் உயரந்தான். கிலோபாஸ்கல் என்ற அளவின் பெயரிலும் அந்தப் பாஸ்கல்தான் இருக்கிறார்.

கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 85 கிலோபாஸ்கல் அளவுதான். மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்வது இதனால்தான். அங்கே உலைத் தண்ணீர் நூறு பாகை வரை போகாமல் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பதும் இதனால்தான். மலையில் வாழும் தாய்மார்களுக்கு இது எந்தப் புத்தகமும் சொல்லாமலே தெரியும்.

பால் ஸ்டோரில் படித்த பாடம்

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எடைக்கு எடை என்பதை மனத்தில் வையுங்கள். எத்தனை படி காற்று, எத்தனை வாளிக் காற்று என்பது இங்கே பேச்சில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவோம். கிராணி வெறும் வாளியை மட்டும் பார்ப்பாரா? மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். மழை நீர் கலந்த பால் என்றால் வாளி நிறைய இருந்தாலும் அதில் ரப்பர் குறைவு. கணக்கு ரப்பரின் எடைக்குத்தான்.

அடுத்து அந்தப் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுவார்கள். பாலில் உள்ள ரப்பரின் அளவு தெரிந்துதான் அமிலத்தின் அளவு. குறைந்தால் உறையாது. கூடினால் ஷீட் கெட்டுப்போகும்.

இயந்திரத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு வாளி. பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு வாளிக் காற்றை இழுக்கிறது. தஞ்சோங் மாலிமிலும் ஒரு வாளி, பிரிஞ்சாங்கிலும் அதே ஒரு வாளி. ஆனால் மலை மேல் அந்த வாளிக்குள் இருக்கும் காற்று நீர்த்த பாலைப் போல. வாளி நிறைந்திருக்கும், சரக்கு குறைந்திருக்கும்.

பழைய வண்டிகளில் இருந்த கார்புரேட்டருக்கு மெட்ரோலாக் கிடையாது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் கார்புரேட்டர்தான். காற்று ஓடும் வேகத்தில் ஏற்படும் உறிஞ்சலில் பெட்ரோல் ஒரு சிறு துளை வழியாக ஏறி வரும். அந்தத் துளை கீழ்நாட்டுக் காற்றுக்கு என்று அளவெடுத்துப் போட்டது. மலையில் காற்றின் எடை நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்தால், பெட்ரோல் அதில் பாதியளவுதான் குறையும். மிச்சம் உள்ள ஆறு பங்கு பெட்ரோல் எரியக் காற்றில்லாமல் கரியாகிப் புகைகிறது. பிளக் கறுக்கிறது, வண்டி இருமுகிறது. ஓட்டுநர் பாவம், கால் அழுத்த அழுத்த இன்னும் அதிகமாகப் புகையும்.

ஒரு துளிக்கு ஒரு கணக்கு

இப்போது கார்புரேட்டர் போய்விட்டது. அதன் இடத்தில் பீச்சான்கள் வந்திருக்கின்றன. பட்டறையில் இன்ஜெக்டர் என்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. எண்ணெய் பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு கொண்டுவந்து பீச்சானின் வாசலில் நிறுத்திவிடும். கணினி மின்சாரம் கொடுத்தால் வாசல் திறக்கும், நிறுத்தினால் மூடும். அளவு கூட வேண்டுமானால் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். எல்லாம் நேரக் கணக்கு.

எவ்வளவு நேரம்? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நம் ஊர்த் தொழிற்சாலையில் 2004-இல் உருவாகி வந்த ஜென்-2 காரில் சுமார் 1,600 சிசி அளவுள்ள கேம்ப்ரோ இயந்திரம் இருந்தது. நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 400 சிசி.

நம் ஊர் வெப்பத்தில் 400 சிசி காற்றின் எடை ஏறக்குறைய 0.46 கிராம். அதை 14.7 ஆல் வகுத்தால் 0.031 கிராம் பெட்ரோல். ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவு! நிமிடத்துக்கு 200 சிசி பாய்ச்சும் ஒரு பீச்சான் அந்தத் துளியைத் தர, சுமார் 13 மில்லி விநாடி திறந்திருந்தால் போதும். ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் பதின்மூன்று கூறு. நாம் ஒரு முறை கண் இமைப்பதற்குள் இது பல தடவை நடந்து முடிந்துவிடும்.

கேமரன் மலையில் அதே 400 சிசியில் காற்று 0.41 கிராம்தான். ஆகவே பெட்ரோல் 0.028 கிராம். பீச்சான் 11 மில்லி விநாடிக்குச் சற்று மேல் திறந்தால் போதும். அந்த ஒன்றரை மில்லி விநாடி வித்தியாசத்தில்தான் பழைய வண்டியின் இருமலும் புதிய வண்டியின் நிம்மதியும் அடங்கியிருக்கின்றன. (சிலிண்டர் முழு மூச்சாகக் காற்றை இழுப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. சாதாரணமாக ஓட்டும்போது இழுக்கும் காற்று இதைவிடக் குறைவு.)

இந்த முறை புதிதல்ல. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இலேயே வோல்க்ஸ்வாகன் 1600 காரில் மின்னணுப் பீச்சான் முறையைக் கொண்டுவந்தது. அதன் பெயர் டி-ஜெட்ரோனிக். அந்த "டி" ஜெர்மன் மொழியில் அழுத்தம் என்ற சொல்லின் முதல் எழுத்து. ஆரம்பத்திலிருந்தே அழுத்தந்தான் அளவுகோல்.

கணினியின் மெட்ரோலாக்

கணினிக்குக் காற்றின் எடை எப்படித் தெரியும்? தராசு வைத்து நிறுக்க முடியாது. பல வண்டிகளில் மூன்று செய்திகளை வாங்கி அது கணக்குப் போடுகிறது.

முதலாவது, இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. இரண்டாவது, காற்று உள்ளே போகும் குழாயின் அழுத்தம். இதை அளப்பதுதான் மேப் சென்சார். அதற்குள் ஒரு மெல்லிய சிலிக்கன் தகடு, தவுல் தோல்போல இழுத்துக் கட்டியது, இருக்கிறது. ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் குழாயின் காற்று. அழுத்தம் கூடக் கூடத் தகடு வளையும். அந்த வளைவு மின்சாரச் செய்தியாகக் கணினிக்குப் போகும். மூன்றாவது, காற்றின் வெப்பம்.

வெப்பம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. மலையில் அழுத்தம் 101-இலிருந்து 85-க்கு இறங்குகிறது. அதாவது நூற்றுக்குப் பதினாறு குறைவு. ஆனால் மலையில் குளிர். குளிர்ந்த காற்று சுருங்கி அடர்த்தியாகும். நம் ஊரில் 32 பாகை, அங்கே 18 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டுப் பார்க்கலாம். வெப்ப அளவோடு 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 85-ஐ 101 ஆல் வகுத்து, அதை 305-ஆல் பெருக்கி, 291-ஆல் வகுங்கள். விடை 0.88. ஆக, எடை பன்னிரண்டு பங்குதான் குறைகிறது. பதினாறில் நான்கைக் குளிர் திருப்பித் தந்துவிட்டது. வெப்பத்தைப் பார்க்காமல் அழுத்தத்தை மட்டும் நம்பினால் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும்.

இயந்திரத்தைச் சரிப்படுத்தும் மென்பொருளைத் திறந்து பார்த்தால் ஒரு பெரிய அட்டவணை தெரியும். மேலே போவது அழுத்தம், குறுக்கே போவது சுற்று வேகம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். "இந்த வேகத்தில், இந்த அழுத்தத்தில், சிலிண்டர் வாளி நூற்றுக்கு எவ்வளவு நிறைகிறது" என்பதே அந்த எண். வாளியின் அளவு, அழுத்தம், நிறைவு மூன்றையும் பெருக்கி, வெப்பத்தால் வகுத்தால் காற்றின் எடை வந்துவிடும். அதிலிருந்து பெட்ரோலின் எடை. அதிலிருந்து பீச்சான் திறக்கும் நேரம். பீச்சான் சோம்பல் முறித்துத் திறக்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி பிடிக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் இன்னும் கூடும். அதையும் சேர்த்துக்கொள்ளும்.

இவை தவிர, புகைக்குழாயில் ஒரு பிராணவாயு சென்சார் உண்டு. எரிந்து வெளியேறும் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடிற்றா குறைந்ததா என்று அது கணினிக்குச் சொல்லும். சாதாரண ஓட்டத்தில் கணினி அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஆனால் ஏற்றத்தில் காலை முழுக்க அழுத்தும்போது பல வண்டிகளில் கணினி அதன் பேச்சைக் கேட்பதில்லை. அப்போது அழுத்தக் கணக்கு ஒன்றே துணை.

சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடி

குழாயின் அழுத்தம் வேறு, வெளியே உள்ள காற்றின் அழுத்தம் வேறு. காலை எடுத்துவிட்டு வண்டி சும்மா ஓடும்போது குழாயில் 30, 35 தான் இருக்கும். வெளியே எவ்வளவு என்பதும் கணினிக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் மலையில் புகைக்குழாயின் வாயிலும் அழுத்தம் குறைவு. எரிந்த புகை சுலபமாக வெளியேறுகிறது. சிலிண்டரில் பழைய புகை தங்குவது குறைந்து, புதுக் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆகவே குழாயில் ஒரே அழுத்தம் காட்டினாலும், மலையில் பெட்ரோலை ஒரு சிறிது கூட்ட வேண்டியிருக்கும். வீட்டுக் கதவு திறந்திருந்தால் அடுப்புப் புகை சீக்கிரம் போகும் அல்லவா? அதுபோலத்தான்.

வெளி அழுத்தத்தை அறிய ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும், இயந்திரம் சுழலத் தொடங்குவதற்கு முன், குழாயில் உறிஞ்சல் இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். அந்த நொடியில் மேப் சென்சார் காட்டும் எண்ணைக் கணினி குறித்துக்கொள்ளும். "இன்றைக்கு இந்த ஊரில் காற்று இவ்வளவு" என்று பெரட்டில் பேர் பதிவதுபோல.

ஆனால் தாப்பாவில் சாவி போட்டு, எங்கும் நிற்காமல் பிரிஞ்சாங் வரை ஏறினால்? குறித்து வைத்தது தாப்பாக் காற்று, சுற்றியிருப்பது மலைக்காற்று. ஏற்றத்தில் காலை முழுக்க அழுத்தும்போது குழாயின் கதவு முழுக்கத் திறக்கும். அப்போது குழாயின் அழுத்தம் வெளி அழுத்தத்தை ஏறக்குறைய ஒட்டி நிற்கும். கணினி அதைப் பார்த்துப் பழைய எண்ணைத் திருத்திக்கொள்ளும். இறங்கும்போது யாரும் காலை முழுக்க அழுத்துவதில்லையே? அதற்கும் ஒரு தந்திரம். குறித்து வைத்தது 85. குழாயிலோ இப்போது 90 காட்டுகிறது. குழாயில் உறிஞ்சல் இருக்கும்போதே 90 என்றால் வெளியே 90-க்குக் குறைவாக இருக்க முடியாது. கணினி எண்ணை உயர்த்திக்கொள்ளும். டர்போ வண்டிக்கு மட்டும் இந்தத் தந்திரம் பொருந்தாது. இந்தக் கண்ணாமூச்சியே வேண்டாம் என்று சில வண்டிகளில் வெளிக்காற்றுக்கென்றே தனியாக ஒரு சென்சார் வைத்துவிடுகிறார்கள்.

இயந்திரப் பித்துள்ள இளைஞர்கள் கையாளும் மெகாஸ்குர்ட் என்ற கருவி உண்டு. அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இருவர் உருவாக்கியது. அதன் மென்பொருளில் இந்தத் தேர்வு வெளிப்படையாகவே இருக்கிறது. வெளிக்காற்றைப் பார்க்க வேண்டாமா, சாவி போடும்போது ஒரு முறை பார்த்தால் போதுமா, தனிச் சென்சார் வைத்து எப்போதும் பார்க்க வேண்டுமா என்று கேட்கும். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு எதுவானாலும் சரி. மலைக்குப் போகும் வண்டிக்கு மூன்றாவதுதான் நல்லது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கணினி காற்றை உண்டாக்காது. இருக்கும் காற்றுக்கு ஏற்ப எண்ணெயை அளந்து தரும், அவ்வளவுதான். ஆகவே மலையில் சாதாரண இயந்திரத்தின் பலம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு குறையத்தான் செய்யும். காற்றை அழுக்கித் திணிக்கும் டர்போ உள்ள வண்டிகளுக்கு அந்தக் குறை வெகுவாகத் தெரியாது. எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பன்னிரண்டு பேரை ஏற்றிவிட்டு வண்டியைத் திட்டாதீர்கள்.

இறக்கத்தில் ஓர் எச்சரிக்கை

இந்த மாதம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். மலை இறங்கும்போது எண்ணெய் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

பீச்சான் வண்டியில் இது இரண்டு வகையில் தவறு. கியரில் வைத்துக் காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றுகிறது. அதைக் கண்டுகொண்ட கணினி பீச்சான்களை அடியோடு மூடிவிடும். அப்போது செலவாகும் பெட்ரோல் பூஜ்யம். நியூட்ரலில் தள்ளினால், இயந்திரம் நின்றுவிடாமல் இருக்கக் கணினி பெட்ரோல் பீச்சித்தான் ஆக வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு!

செலவுகூடப் போகட்டும். நியூட்ரலில் இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காமல் போகும். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து சின்னக் கியரில் இறங்குங்கள். கணவர் ஓட்டும்போது பக்கத்தில் இருக்கும் தாய்மார்களும் இதைக் கவனியுங்கள்.

கணினி பொய் சொல்லவில்லை

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். செம்பனை ஆலையில் வேலை. பழைய வேன் ஒன்று வாங்கி, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக் கொஞ்சம் சம்பாதித்து வந்தார். சில மாதங்களாக வேன் பெட்ரோலைக் குடித்தது. நின்ற இடத்தில் நடுங்கியது, கறுப்பாகப் புகைந்தது. ஆனால் காலை அழுத்தி ஓட்டினால் நன்றாகத்தான் ஓடியது. ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும், ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஆகும்" என்றார்களாம். மகளின் கல்லூரிக்கு என்று சேர்த்து வைத்த பணத்தை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்க வந்தார்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பையன் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வண்டி வேலை செய்கிறான். பள்ளியில் கணக்கு என்றால் கடைசி வரிசைக்கு ஓடியவன். அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவன் உடனே எதையும் கழற்றவில்லை. சாவியைப் போட்டு, இயந்திரத்தை ஓடவிடாமல், கையிலிருந்த சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தான். காற்றழுத்தம் 100 என்று காட்டியது. "சென்சார் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டான். 35-க்கு இறங்க வேண்டிய எண் 70-லேயே நின்றது.

"மாமா, கம்ப்யூட்டர் பொய் சொல்லல. அதுக்கு வேற யாரோ பொய் சொல்றாங்க" என்று சிரித்தான்.

அந்த வேனில் சென்சாருக்கும் காற்றுக்குழாய்க்கும் நடுவே ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருந்தது. வயதாகி, வெப்பத்தில் வெடித்திருந்தது. வெடிப்பு வழியே வெளிக்காற்று புகுந்து, அழுத்தம் அதிகம் என்று சென்சாரை ஏமாற்றியது. வாளியில் நிறையச் சரக்கு இருப்பதாக நம்பிக் கணினி பெட்ரோலைக் கொட்டியது. காலை அழுத்தினால் குழாயின் அழுத்தமே வெளிக்காற்றுக்குச் சமமாகிவிடுவதால் பொய்யும் உண்மையும் ஒன்றாகி, வண்டி ஒழுங்காக ஓடியது. பையன் ஒரு முழம் குழாய் வாங்கி வந்து மாற்றினான். பத்து வெள்ளி ஆகவில்லை. கூலி வேண்டாம் என்றவனுக்கு அந்த வீட்டு அம்மா சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்.

மெட்ரோலாக்கில் அழுக்கு ஒட்டியிருந்தால் கிராணியின் கணக்குத் தப்பும். அதற்காகக் கிராணியை மாற்றுவார்களா?

ஆகவே வாசகர்களே, இயந்திர விளக்கு எரிந்தால் முதலில் பிழைக் குறியீட்டைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். பி 0107, பி 0108 என்பவை மேப் சென்சாரின் செய்தி மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ வருகிறது என்பதற்கான குறியீடுகள். குறியீடு வந்தாலும் சென்சாரைத் தூக்கி எறிய வேண்டாம். குழாய், கம்பி, இணைப்பு மூன்றையும் பார்த்த பிறகு பேசலாம். மேலே சொன்ன வேனைப்போலக் குறியீடு வராமலும் கோளாறு இருக்கலாம். சாவி போட்டதும் எண் வெளிக்காற்றைக் காட்டுகிறதா, ஓடவிட்டதும் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

இன்னொன்று. கணக்கு வராது என்று ஒரு பிள்ளையை முடிவுகட்டிவிடாதீர்கள். கடைசி வரிசைக்கு ஓடிய அந்தப் பையன் இன்று நூறிலும் எழுபதிலும் முப்பத்தைந்திலும் ஒரு குடும்பத்தின் ஆயிரத்து எண்ணூறு வெள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்தான். கரும்பலகையில் அவனுக்குப் பிடிபடாத விகிதம், ரப்பர்க் குழாயின் வெடிப்பில் பிடிபட்டிருக்கிறது. நான்தான் அன்றைக்கு அவனை வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை கேமரன் மலைக்குப் போகும்போது, சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி பொறுங்கள். உங்கள் வண்டி அன்றைய காற்றை நிறுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.